இடது பக்கம் ஒரு ஒட்டகம்

காலையில் எழுந்தான். மோட்டார் போட்டான். பால் பாக்கெட்டைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தான். பால் பொங்கி வழிந்தது. அடுப்பைத் துடைத்தான். மிச்சமிருந்த பாலில் காப்பி போட்டுக் குடித்தான். மோட்டாரை நிறுத்தினான். சட்டையை விரித்து இஸ்திரிப் பெட்டியை வைத்தபோது போன் அடித்தது.

"எழுந்தாச்சா மாப்பிள்ளை?"

"ஆச்சு மாமா."

"ஒரு கேள்வி. பாலைவனத்துல கோட்டை கட்டறவன் முதல்ல எதைக் கட்டுவான்?"

"மதிலை."

"தப்பு. கிணத்தை. தண்ணியே இல்லாம மதிலைக் கட்டி யாரைக் காப்பாத்தப் போறான், மணலையா? மனசுல வச்சுக்குங்க."

வைத்துக்கொள்வதாகச் சொன்னான். திரும்பிப் பார்த்தபோது காலர் தீய்ந்திருந்தது.

கொஞ்ச நாளாகத் தினமும் இப்படித்தான். மாமனார் குடிநீர் வாரியத்தில் குழாய் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் அவர் அறிந்த ஒரே சரித்திரம், எந்தத் தெருவில் எந்தக் குழாய் எப்போது வெடித்தது என்பதுதான். அப்படிப்பட்டவர் இப்போது தலையணை தலையணையாய்ப் புத்தகம் வாங்கி வந்து, எந்த ராஜா எந்த ராஜாவை எதற்காக வெட்டினான் என்று கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். குடித்ததை மறுநாள் காலையில் மாப்பிள்ளைக்கு ஊற்றினார்.

எல்லாம் மகளுக்காக.

அந்த மகள், அவன் மனைவி, மழைக்காலத்தில் இறந்துபோனாள். ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் அவன் தூங்கிப்போயிருந்தான். அத்தனை நாள் வராத தூக்கம் அன்றைக்கென்று வந்தது. எழுப்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டான். அதையே திரும்பத் திரும்பக் கேட்டான். மாமனார்தான் பதில் சொன்னார்.

"எல்லாரும் சேர்ந்து பாலைவனத்துல ஒரு பழைய கோட்டையைப் போய்ப் பார்க்கணும்னு சொன்னா மாப்பிள்ளை."

அவ்வளவுதான். அதில் அவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதுகூடப் பரவாயில்லை. வார்த்தைகளை எப்படிச் செலவழிப்பது என்பது அவள் பாடு. அவனை உள்ளே இருந்து அரித்தது வேறு. அவளுக்குத் தூசி ஆகாது. மின்விசிறி துடைக்கிற நாளில் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கொள்ளைக்காரி மாதிரி நாற்காலி மேல் நிற்பாள். சரித்திரமோ, பள்ளிக்கூடத்தில் அந்த ஒரு பாடத்தை மட்டும் இரண்டாம் முறை எழுதித் தேறியவள். அதைப் பெருமையாகவே சொல்வாள். அப்படிப்பட்டவளுக்குள் ஒரு பாலைவனமும் அதன் நடுவே ஒரு கோட்டையும் எங்கே இருந்தன? கூடவே படுத்து எழுந்தவனுக்கு அது தெரியாமல் போயிற்று என்றால், வேறு என்னவெல்லாம் தெரியாமல் போயிற்று?

கோட்டையைப் பார்த்தால் அவளைக் கொஞ்சம் புரிந்துகொள்ளலாம். அதற்காகவே போக நினைத்தான். ஆனால் தனியாக. ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிட வேண்டும்.

அவன் வேலை பார்ப்பது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். பிரேமுக்குத் தக்கபடி லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துப் பொருத்துகிறவன். எதிர் மாடியில் பயண ஏஜென்சி இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஏறிப்போனான். அங்கே இருந்த பெண் பாலைவனம் என்றதும் உற்சாகமானாள்; ஒருவர் மட்டும் என்றதும் வாடிப்போனாள். தனி ஆளுக்கு ஜீப் தரமாட்டார்களாம். நாலு பேராவது வேண்டுமாம்.

தனியாகப் போக முடியாதென்றால் போகவே வேண்டாம், இத்தோடு ஒழிந்தது என்று உள்ளூர நிம்மதிப்பட்டு மாமனாருக்குப் போன் செய்தான். நாலு பேர் வேண்டுமாம், சரிப்பட்டு வராது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

மறுமுனையில் புத்தகத்தை மூடுகிற சத்தம் கேட்டது.

"நாலு பேர்தானே?" என்றார் மாமனார். "நான், உங்க அத்தை, உங்க மச்சினன், நீங்க. கணக்குச் சரியா இருக்கு."

குரலில் சந்தோஷம் இல்லை. பெரிய குழாய் வெடித்த செய்தியை மேலதிகாரிக்குச் சொல்கிறவரின் குரல் அது.

அடுத்த சிக்கல், எந்தக் கோட்டை என்பது. பாலைவனம் பூராவும் கோட்டைதான் என்றாள் ஏஜென்சிப் பெண். அவன் மாமனாரை அழைத்துப்போய் அவள் முன்னால் உட்கார வைத்தான். மகள் பெயர் ஏதாவது சொன்னாளா என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"பேர் சொல்லலைம்மா. மண் நிறத்துல இருக்கும்."

"எல்லாமே மண் நிறம்தான் சார்."

மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். "மூணு கோபுரம். நடுவுல இருக்கறது மட்டும் கொஞ்சம் இடிஞ்சிருக்கும். பின்னாடி சூரியன் இறங்கும். இடது பக்கம் ஒரு ஒட்டகம் நிக்கும்."

அவள் தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். "ஒட்டகம் ஒரே இடத்துல நிக்காதே சார்."

"அன்னிக்கு நின்னுச்சு" என்று சொல்லிவிட்டு மாமனார் பலமாக இருமினார்.

அவன் மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். உயிர் போகிற நேரத்தில் அவள் அப்பாவிடம் கோபுரத்தை எண்ணிச் சொல்லியிருக்கிறாள். இடிந்த பாகத்தைச் சொல்லியிருக்கிறாள். ஒட்டகத்தை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பது வரை சொல்லியிருக்கிறாள். ஒரு கை தூரத்தில் வாயைப் பிளந்துகொண்டு அவன் தூங்கியிருக்கிறான்.

மூன்று கோபுரமுள்ள கோட்டைகள் மூன்று இருந்தன. எதற்கும் மூன்றையும் பார்த்துவிடுங்கள், ஏதாவது ஒன்று அதுவாக இருக்கும் என்று ஏஜென்சிப் பெண் யோசனை சொன்னாள். கூடவே சரித்திரம் விளக்குகிற வழிகாட்டி, ஒரு அருங்காட்சியகம், போர் நடந்த ஒரு மைதானம். மைதானத்தில் இப்போது பார்க்க ஒன்றும் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிற்று; அதுவும் குடும்பத்தோடு கிளம்பிற்று.

அவன் மறுநாள் தனியாக மாடியேறிப் போய் அவளிடம் ஒரு உதவி கேட்டான். வெயில் கொளுத்தும், வயசானவர்களுக்கு ஆகாது என்று அவள் வாயால் மாமனாரிடம் சொல்ல வேண்டும். பாவம், அவள் நன்றாகவே சொன்னாள். விளைவு, மச்சினன் தொப்பி வாங்கி வந்தான்.

மச்சினனுக்கு டயர் கடையில் வேலை. எதையும் பெரிதாக, வட்டமாக வாங்கிப் பழக்கம். தொப்பிகள் ஒவ்வொன்றும் முறம் அகலம் இருந்தன. இப்போதே பழகிக்கொள்ள வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக் கூடத்தில் எல்லாரையும் தொப்பியோடு உட்கார வைத்தான். மின்விசிறி சுழன்றது. மாமனாரின் தொப்பி பறந்து போய் அலமாரி மேல் உட்கார்ந்தது.

"காத்து எந்தப் பக்கம்னு பார்த்து உட்காரணும்ப்பா" என்றான் மச்சினன். "மணல்ல டயர்லயும் பாதிக் காத்துதான் இருக்கணும். முழுசா அடைச்சா புதைஞ்சிடும். இல்லையா அத்தான்?"

அவன் ஆமாம் என்றான். அந்த வீட்டில் அந்த நாட்களில் அவன் சொன்னது எல்லாமே ஆமாம்தான்.

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை மாமியாரின் முழங்கால். வீட்டு மாடிப்படியையே அவர் மலை ஏறுவதுபோல ஏறுகிறவர். அத்தையால் கோட்டைப் படி ஏற முடியாதே என்று அவன் கவலைப்பட்டான். அந்தக் கவலை பாதி நிஜம். ஏஜென்சிப் பெண் அதற்கும் வழி வைத்திருந்தாள்: மேலே வரை ஒட்டகம் போகும்.

ஒட்டகத்துக்கு ஓரிடத்திலா கோணல் என்பார்கள். இந்தப் பயணத்துக்கும் அப்படித்தான், நிமிர்த்தப் போன இடமெல்லாம் வளைந்தது. மாமியார் எப்போதும்போல மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. ஒட்டகம் உட்காருமா, இல்லை நாம் தாவி ஏற வேண்டுமா என்று மட்டும் கேட்டார். உட்காரும், ஆனால் எழும்போது பின்னங்காலைத்தான் முதலில் தூக்கும் என்று மாமனார் புத்தகத்தில் படித்திருந்தார். அதற்கு ஒத்திகை தேவைப்பட்டது. சோபாவின் கைப்பிடி ஒட்டகமாயிற்று. மாமியார் தொப்பியோடு அதில் ஏறி உட்கார, மச்சினன் சோபாவைப் பின்பக்கமாகத் தூக்கினான். மாமியார் விழவில்லை. சோபாவின் கால்தான் முறிந்தது.

"பரவால்லை, நிஜ ஒட்டகத்துக்கு நாலு காலும் உறுதியா இருக்கும்" என்றார் மாமியார். அதைச் சொன்னபோது அவர் சிரித்தாரா என்பது தொப்பி விளிம்பு மறைத்ததில் தெரியவில்லை.

கடையிலும் வேலை ஓடவில்லை. ஒரு பள்ளி ஆசிரியையின் கண்ணாடிக்கு வலது லென்ஸை இடது பக்கத்துக்கு வெட்டிவிட்டான். முதலாளி அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கழிவுத் தட்டில் போட்டார். கோபித்துக்கொள்ளவில்லை.

"போயிட்டு வாப்பா" என்றார். "இப்பவும் நீ இங்க இல்லை. போயிட்டு வந்தாலாவது இருப்பே."

புறப்படுகிற நாளுக்கு முந்தின மத்தியானம். கூடத்தில் பைகள் வரிசையாக நின்றன. முறிந்த காலுக்குப் பதில் செங்கல் வைத்த சோபாவில், கடைசி ஒத்திகைக்காக மாமியார் ஏறி உட்கார்ந்திருந்தார். அவன் கீழே உட்கார்ந்து அவர் முழங்காலுக்குப் பட்டி கட்டிக்கொண்டிருந்தான். உள் அறையில் மாமனார் மச்சினனுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கோட்டை விழுந்ததற்குக் காரணம் எதிரி இல்லையாம், கிணற்றைத் தூர்வாராத அலட்சியமாம். மச்சினன் கொட்டாவி விடுவது இங்கே வரை கேட்டது.

பட்டியின் முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினான். அப்போது, யோசிக்காமலே வாயைத் திறந்தான்.

"அத்தை, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அவ எங்கிட்ட ஒரு தடவைகூடக் கோட்டைன்னு பேசினதில்லை. மாமாகிட்ட கோபுரம் எத்தனைங்கறது வரைக்கும் சொல்லியிருக்கா. நான் இத்தனை வருஷம் யார்கூடக் குடும்பம் நடத்தினேன்னே தெரியலை அத்தை."

மாமியார் சோபாக் கையிலிருந்து மெல்ல இறங்கினார். அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க முடிந்தது. சோபாவில் ஒழுங்காக உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க முழிச்சதும் உங்க மாமா கையைப் பிடிச்சு உலுக்கினீங்க. என்ன சொன்னா, என்ன சொன்னான்னு. அவருக்கு வாய்ல ஒண்ணும் வரலை. எதிர்ச் சுவத்துல மருந்துக் கடைக் காலண்டர் ஒண்ணு தொங்குச்சு. அந்த மாசத்துக்குக் கோட்டைப் படம் போட்டிருந்தான்."

அவன் கையில் பட்டியின் ஒரு முனை அப்படியே இருந்தது.

"அப்புறம் நான் தாளைத் தூக்கிப் பார்த்தேன். அடுத்த மாசம் அருவி. ஒரு மாசம் தள்ளிப் போயிருந்தா..." என்று ஆரம்பித்தவர் அந்த வாக்கியத்தை விட்டுவிட்டார்.

உள்ளே மாமனார் கிணற்றின் ஆழத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மறுநாளே உண்மையைச் சொல்லிடறேன்னுதான் சொன்னார். சொல்ல முடியலை. மாப்பிள்ளை அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறார், அதையும் எப்படிப் பிடுங்கறதுன்னு கேட்டார். அதான் உட்கார்ந்து படிக்கறார். சொன்ன பொய்யையாவது ஒழுங்கா நடத்திக் குடுக்கணுமாம்."

"அப்ப அவ ஒண்ணுமே சொல்லலையா?"

"சொன்னா. எங்கிட்டத்தான் சொன்னா. அவரும் பக்கத்துலதான் நின்னார். ரொம்பச் சின்ன விஷயம் மாப்பிள்ளை. ஒரு உசிரு போற நேரத்துல இதைத்தான் சொன்னான்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு அவருக்குத் தெரியலை. எனக்கும் தெரியலை."

"சொல்லுங்க அத்தை."

மாமியார் அவனைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த தொப்பியின் விளிம்பை விரலால் நீவிக்கொண்டே சொன்னார்.

"'அந்த லைட்டை அணைச்சிடும்மா. அவர் முகத்துல அடிக்குது.'"