பச்சை வாளி

"பச்சை வாளி!" என்றார் ஸ்டோர்காரர்.

சாப்பாட்டு மேசை குலுங்கியது. டைப்பிஸ்ட் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஃபிட்டர் மேசையைத் தட்டினார். பரிசோதகரும் டிபன் மூடி உருண்டு ஓடும்படி சிரித்தார். எதற்கென்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

தண்ணீர் மீட்டர் பழுதுபார்க்கும் அந்த அலுவலகத்துக்கு அவர் மாற்றலாகி வந்து ஏழு மாதம். முதல் நாளே, ஒழுகுகிற மீட்டரைக் கையால் பொத்திக்கொண்டு ஃபிட்டர் கத்தினார்: "பச்சை வாளி எங்கய்யா?" இது ஏதோ ஜோக் போல, புரியாத மந்தமான ஆள் என்று பெயர் வாங்கிவிடக் கூடாதே என்று பரிசோதகர் முந்திக்கொண்டு சிரித்துவைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் பார்த்தால் அங்கே எதற்கெடுத்தாலும் அதுதான். மீட்டர் முள் நின்றுபோனால் பச்சை வாளி. மேனேஜர் லீவு போட்டால் பச்சை வாளி.

வாடகை அறையில் அவருக்குப் பேச்சுத்துணை சீலிங் ஃபேன் மட்டும். வாரம் ஒரு முறை அக்கா போனில் வருவாள்.

"பேசிச் சிரிக்க ஆள் இருக்காடா அங்க?"

"இருக்காங்கக்கா. ஒரே சிரிப்பு."

"என்ன சொல்லிச் சிரிப்பீங்க?"

"அது... சொன்னா உனக்குப் புரியாது."

விஷயம் இத்தோடு போயிருக்கும். ஆண்டு விழாவுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் வருகிறார் என்றதும் ஸ்டோர்காரர் எழுந்து நின்றார்.

"பச்சை வாளியைப் பத்தி நம்ம சார்தான் நாலு வார்த்தை பேசணும்!"

எல்லோரும் கைதட்டினார்கள். பரிசோதகரும் சேர்ந்து தட்டிவைத்தார். உண்மையைச் சொன்னால், ஏழு மாதம் பொய்யாய்ச் சிரித்தவன் என்று ஆகிவிடும். சாப்பாட்டு மேசையருகே இருந்த ஒரு நாற்காலிதான் அந்த ஊரில் அவருக்கு இருந்த சொந்தம்.

டைப்பிஸ்ட் அம்மாளிடம் மெல்ல ஆரம்பித்தார். "ஏம்மா, இந்த வாளி விஷயம் எப்படித்தான் தொடங்குச்சு?"

"போங்க சார், நீங்க வேற!"

மத்தியானத்துக்குள் செய்தி பரவிவிட்டது. "ஒண்ணுமே தெரியாத மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு கேட்டாராம்ப்பா!"

சரி, வாளியையே கேட்டுவிடலாம் என்று ஸ்டோருக்குப் போனார். விளிம்பில் ஒரு விரிசல், கம்பிக் கைப்பிடி. கவிழ்த்துப் பார்த்தார். உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். நிமிர்ந்தால் வாசலில் ஸ்டோர்காரர், சிரிப்பை அடக்க முடியாமல் சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தார். "சார், கொல்லாதீங்க சார்!"

கடைசி வழி மேனேஜர். உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. தெரியாததாக இருந்தால் இன்னும் விரிவாகப் பேசுவார்.

"ஐயா, உங்கள மாதிரி படிச்சவங்க பேசினாத்தான் சபைக்கு மரியாதை."

மேனேஜர் மறுக்கவில்லை. விழாவில் நாற்பது நிமிடம் பேசினார்.

"நகைச்சுவை என்பது யாது? பச்சை என்பது எதிர்பார்ப்பு. வாளி என்பது வெறுமை. சொல்லுக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் மனம் தவறி விழும்போது எழும் ஓசையே சிரிப்பு!"

யாரும் விழவில்லை. இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

திங்கட்கிழமை ஒரு மீட்டர் ஒழுகியது. "பச்சை வாளி எங்க?" என்றார் ஃபிட்டர். ஸ்டோர்காரர் வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். சாப்பாட்டு மேசையில் அவரவர் டிபனை அவரவர் பார்த்துச் சாப்பிட்டார்கள். பரிசோதகர் ஒரு முறை தானாகவே சொல்லிப் பார்த்தார். டைப்பிஸ்ட் அம்மாள் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார், ஏதோ கேட்கிறார் போலிருக்கிறது என்று.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. அறைக்குப் போனால் ஃபேன்தான். பெருக்குகிற அம்மாள் வந்து, காலைத் தூக்கச் சொன்னார்.

"ஏம்மா, நீங்க இங்க பழைய ஆளு. இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது? அந்தப் பச்சை வாளில அப்படி என்னதான் சிரிப்பு?"

அந்த அம்மாள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அதை உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னுதானே சார் ஏழு மாசமா எல்லாரும் தவிச்சுக்கிட்டு இருக்காங்க! வந்த அன்னிக்கு நீங்க ஒத்தையா சிரிச்சீங்க. புது மனுஷன், தனியா சிரிக்க விடக் கூடாதேன்னுதான் நாங்களும் சேர்ந்து சிரிச்சோம்."