கடலில் போடப்பட்ட பயிற்சியாளர் பற்றி

லிகூரியாக் கடற்கரை,
பிப்ரவரி 3

வட்டார நடுவர் குழுத் தலைவர், மதிப்புக்குரிய ஃபுல்வியோ அவர்களுக்கு,

தங்கள் சித்தி எர்மினியா எழுதுவது. அலுவல் கடிதம் என்பதால் "நீ" என்று அழைக்கவில்லை. தங்கள் முழங்கால் வலி தேவலையா?

முதலில் ஒரு திருத்தம். ஞாயிறன்று வாட்டர் போலோ ஆட்டத்தில் நான் நடுவர் ரிமாஸ்ஸாவைக் குடையால் அடித்ததாக ரொட்டிக்கடை வரிசையில் பேசிக்கொள்கிறார்கள். அடிக்கவில்லை. குடையால் சுட்டிக்காட்டினேன். இடையில் ஒரு மீட்டர் தூரம் இருந்தது.

நம் பயல்கள் ஒரு கோல் முந்தியிருந்தபோது அவர் எதிரணிக்குப் பெனால்டி கொடுத்தார். எங்கள் பக்கமிருந்து ஏதோ ஒரு குரல் எழுந்தது. நீச்சல் குளத்தின் விளிம்பில் நடந்துகொண்டிருந்த ரிமாஸ்ஸா திரும்பி, எங்கள் பயிற்சியாளர் ஓர்னெல்லாவிடம், "ஏம்மா, வீட்டுல பாஸ்தா கொதிக்குது, போய்க் கிளறு" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "கல்லறைக்கு இன்னிக்கு லீவா? பெருசுங்க எல்லாம் இங்கதான் இருக்கு" என்றார். என் கணவர் எட்டு ஆண்டுகளாக அங்கே இருக்கிறார், விடுமுறை விட்டதில்லை.

உடனே ஓர்னெல்லாவுக்குச் சிவப்பு அட்டை. அவள் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. துண்டை மடித்து வைத்துவிட்டுத் தெருவுக்குப் போய்விட்டாள். அப்படியோர் அமைதியை நான் படித்த கான்வென்ட் கோயிலில்கூடக் கண்டதில்லை.

பெனால்டி வெளியே போனது; வென்றோம். வென்றால் பயிற்சியாளரைத் தண்ணீரில் போட வேண்டும், இல்லையேல் அடுத்த ஆட்டம் தோற்கும் என்பது தங்களுக்குத் தெரியும். ஆனால் சிவப்பு அட்டை வாங்கியவள் குளத்துப் பக்கம் வரக் கூடாது. ஆகவே பயல்கள் நீச்சலுடையிலேயே சாலைக்கு ஓடி, குறுக்கே வந்த பேருந்தை நிறுத்தி, அவளைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போனார்கள். முந்நூறு பேர் பின்னால் ஓடினோம். இந்த இடுப்போடு நானும்தான். "டேய், செருப்ப விடுங்கடா, புதுசு" என்பது மட்டுமே அவளுடைய முறையீடு. இந்தக் குளிரில் அலை அவளை மூடியது, எழுந்து வந்தாள். கும்பல் தன்னைத்தான் துரத்துகிறது என்று பயந்து முன்னதாகவே கரைக்கு ஓடி வந்திருந்த ரிமாஸ்ஸா, தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினார். பல் தந்தியடிக்க, "நன்றி சார். உங்க விசில் கோட்டுப் பாக்கெட்லயே இருக்கு, இந்தாங்க" என்றாள். எழுபத்தொன்பது வயதில் நான் வியந்து நின்றேன்.

அந்தக் கோட்டு உலர்வதற்குள், "கண்ணை வீட்டில் வைத்துவிட்டு வந்த கழுதை" என்று ஓர்னெல்லா திட்டியதாக அவர் அறிக்கை எழுதி, ஐந்து ஆட்டத் தடை கேட்டிருக்கிறார். பதினோரு ஆண்டு உழைத்து இறுதிப் போட்டி வரை கொண்டுவந்தவள் அதைப் பார்க்கக்கூட முடியாது. அவள் அப்படிச் சொல்லவே இல்லை. கை நீட்டும் தூரத்தில் பின்னால் இருந்த எனக்குத் தெரியும். அத்தகைய சொல் நல்ல வளர்ப்புள்ள வாயில் வராது.

தங்கள் முழங்காலுக்காக அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன். வீட்டில் அனைவருக்கும் ஆசிகள்.

எர்மினியா காஸ்ஸினெல்லி

பி.கு.: ஃபுல்வியோ, கன்னியர் எங்களுக்கு அரை உண்மைக்கும் முழுப் பிரம்படி கொடுத்தார்கள். கழுதை என்றது நான். ஓர்னெல்லாவுக்குத் தெரியும், கேட்டாலும் சொல்லமாட்டாள். ரிமாஸ்ஸா தன் வாய்க்குப் பதில் சொல்லட்டும், கழுதைக்கு நான் சொல்கிறேன். அந்தத் தடையை என் பெயருக்கு மாற்று. இறுதிப் போட்டியன்று தெருவில் நிற்கிறேன், கடலுக்கு அதுதான் பக்கம். பதிலை எழுத்தில் அனுப்பு.