மாடு இழுத்த மின்சாரக் கார்

"ஏறலையா? எப்படி ஏறாமப் போகும்?"

மகேந்திரன் சார்ஜர் பிளக்கைக் காரில் இன்னொரு முறை ஓங்கிக் குத்தினார். பாதி உள்ளே போய் நின்றது. திரையில் மறுபடியும் சிவப்பு எழுத்து. நேற்று ஆயுத பூஜைக்கு விளக்கு, கண்ணாடி, சக்கரம் என்று வண்டி முழுக்கப் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். மாலைகூட இன்னும் வாடவில்லை.

ஹனூரிலிருந்து வந்து மைசூரில் டைல்ஸ் கடை போட்டு முன்னுக்கு வந்தவர் அவர். இன்று சாயங்காலம் குண்டலுபேட்டையில் மகனுக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். பெண்ணின் அப்பா சுப்பையாவுக்குச் சொந்தமாகப் பெட்ரோல் பங்க்.

"கரண்டு வண்டிங்களா? வந்து சேர்ந்தாப் பாக்கலாம்" என்று போனிலேயே சிரித்தவர். அதில்தான் வந்து இறங்குவேன் என்று மகேந்திரன் மீசையை முறுக்கியிருந்தார். வாடகை வண்டியில் போய் நின்றால் அப்புறம் மானம் என்ன ஆவது?

எலக்ட்ரீஷியன் பழனிமுத்து வந்தான். காரின் சார்ஜ் வாயைக் குனிந்து பார்த்தான்.

"அண்ணா, இங்க ஒரே சந்தனமும் குங்குமமுமா இருக்குது. துடைச்சுப் பாக்கட்டுங்களா?"

"கைய எடுடா! பூஜைப் பொட்டை நல்ல நாள் அதுவுமா அழிப்பியா? சுவத்துல இருக்கற பொட்டியப் பாரு."

பழனிமுத்து சுவரிலிருந்த சார்ஜர் பெட்டியைக் கழற்றி எதையோ எதனுடனோ சேர்த்தான். 'டப்' என்றது. தெரு முழுக்கக் கரண்டு போனது. டிவி முன் உட்கார்ந்திருந்த எதிர் வீட்டுக்காரர்கள் வெளியே வந்து கன்னடத்தில் வாழ்த்தினார்கள்.

மகேந்திரன் கார் கம்பெனிக்குப் போன் போட்டார். பாட்டெல்லாம் முடிந்தபின் ஒரு பெண் பேசினாள்.

"நியூட்ரல்ல போட்டு ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்."

ஆஃப் ஆயிற்று. ஆன் ஆகவில்லை. டிக்கியும் திறக்கவில்லை. பெண் வீட்டுக்கு வாங்கிய பூவும் பழமும் உள்ளே மாட்டிக்கொண்டன.

"சொந்த வீட்டுக்குக் கொட்டினதைவிட இதுக்குத்தாண்டா அதிகம் கொட்டினேன்! சும்மா விட மாட்டேன்!" மகேந்திரனுக்கு ரத்தம் கொதித்தது. எவனுக்குத்தான் கொதிக்காது? கம்பெனியின் மானத்தைக் கப்பலேற்றிவிட்டுத்தான் மறு வேலை என்று தெருமுனை வண்டிக்காரன் தொட்டையனின் மாடுகளை ஓட்டிவரச் சொன்னார்.

காரைக் கயிற்றில் கட்டி, மாடுகள் ஷோரூமுக்கு இழுக்க, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி போனில் நேரலையும் ஓட்டினார். வழியில் ஜனங்கள் தசரா ஊர்வல வண்டி என்று நினைத்துக் கும்பிட்டார்கள். ஒரு அம்மாள் நிறுத்தி ஆரத்தியே எடுத்தாள். அவமானப்படுத்தப் போனவருக்கு அதில் ஆத்திரம் இன்னும் ஏறியது.

ஷோரூமில் விஜயதசமிக்குப் புது வண்டி எடுக்க வந்த குடும்பங்கள் நின்றிருந்தன.

"வாங்காதீங்க! ஏமாந்து போகாதீங்க! பாத்தீங்களா என் கதிய?"

இரண்டு குடும்பங்கள் அப்படியே திரும்பி நடந்தன. மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குள், மாடுகளோடு கூடவே நடந்து வந்திருந்த பழனிமுத்துவின் போன் அடித்தது. மறுமுனையில், மகேந்திரனின் மகனிடம் நம்பர் வாங்கி அழைத்த சுப்பையா. ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"சம்பந்தி! பெட்ரோல் பங்க்ல வேலைய நிறுத்திட்டு எல்லாரும் உங்களைத்தான் பாத்துட்டிருக்கோம். விடாதீங்க, கிழிங்க!"

சம்பந்தி என்ற வார்த்தையைக் கேட்டதும் மகேந்திரனுக்குத் தெம்பு இரட்டிப்பானது.

மெக்கானிக் சார்ஜ் வாயில் டார்ச் அடித்து, குச்சியால் மெல்லக் குத்தினான். "சார், உள்ள ஓட்டையில என்னமோ கல்லு மாதிரி அடைச்சிருக்கு."

"கேட்டீங்களா ஜனங்களே!" மகேந்திரன் போனை அங்கேயே நீட்டிக் கூவினார். "செய்யும்போதே அடைச்சு அனுப்பியிருக்கானுங்க! எந்தப் படுபாவி அடைச்சான்னு இப்பவே எனக்குத் தெரியணும்!"

பின்னாலேயே ஆட்டோவில் வந்த மனைவி கனகா, பட்டுப்புடவை கசங்காமல் இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, கத்தாதீங்க. இஞ்சினே இல்லாத வண்டிக்கு எங்க பொட்டு வைக்கறதுன்னு கேட்டதுக்கு, 'சார்ஜ் ஏறுற வாய்தான் இதுக்கு உசுரு, அங்க குறையில்லாம வை'ன்னு நீங்கதான சொன்னீங்க? அதான் ஒரு ஓட்டை விடாம சந்தனத்தைக் குழைச்சு அழுத்தி வச்சனுங்க."