கை நனைக்காத ஞாயிறு

கொஞ்சம் படிப்பவனுக்கு எதிலோ ஒன்றில்தான் பயம். தேடித் தேடிப் படிப்பவனுக்குப் பக்கத்துக்கு ஒரு பயம். நான் இரண்டாவது வகை. அதுவும் நாள், கிழமை, திதி பார்த்துப் பயப்படுகிறவன்.

மூன்று வருடத்துக்கு முந்தைய ஐப்பசி, வளர்பிறைப் பஞ்சமி. தலை துவட்டும்போது பின்கழுத்தில் ஒரு கட்டி விரலில் தட்டியது. சுண்டைக்காய் அளவு. சஷ்டியன்று தடவினால் நெல்லிக்காய். சப்தமிக்கு எலுமிச்சை. (கட்டி அப்படியேதான் இருந்தது; வளர்ந்தது என் பயம்.)

மருத்துவரிடம் போயிருக்கலாம். போனால் நோயின் பெயரைச் சொல்லிவிடுவாரே! அதனால் புத்தகத்திடம் போனேன்.

நம் செல் ஒவ்வொன்றிலும் ஒரு புரதம் காவல் இருக்கிறதாம். சாப்பாட்டிலிருந்து அமினோ அமிலம் வந்ததா, உடம்பிலிருந்து இன்சுலின் சேதி வந்ததா என்று பார்க்குமாம். இரண்டும் வந்தால், 'வளரலாம்' என்று உத்தரவு. வராவிட்டால் செல் வளர்ச்சியை நிறுத்திவிட்டுத் தன் பழைய பாகங்களையே பிரித்துத் தின்னத் தொடங்கும். பல புற்றுக்கட்டிகளில் அந்த உத்தரவு மட்டும் ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும்.

படித்ததும் கை பின்கழுத்துக்குப் போனது. மகள் தேனுவுக்குக் கோட்டையூரில் வரன் கூடிவருகிற நேரம். பையனும் அவளும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். அவள் கழுத்தில் தாலி ஏறும்வரையாவது நான் இருக்க வேண்டுமே! கட்டியைப் பட்டினி போடுவது என்று முடிவெடுத்து, வெந்நீரும் வெள்ளரிக்காயுமாக வாழ ஆரம்பித்தேன்.

"விரதம்" என்றேன் வீட்டில்.

"எந்தச் சாமிக்கு?" என்றாள் மனைவி சாந்தி. வெள்ளரிக்காயைக் கடித்தேன்.

அந்த வார ஞாயிறு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். சம்மதம் இருந்தால்தான் எங்கள் பக்கம் அந்த வீட்டில் கை நனைப்போம். பெண்ணின் அப்பா முதல் கவளம் எடுத்தால் சம்பந்தம் உறுதி. எடுக்காமல் எழுந்தால், காரணம்கூடக் கேட்க மாட்டார்கள். இது எனக்குத் தெரியும். ஒரு பருக்கை எடுத்து ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இலையில் ஆட்டுக்கறி விழுந்தது. கறி என்றால் புரதம். புரதம் என்றால் அமினோ அமிலம். அது வந்தால் உத்தரவு. கை மடியிலேயே உறைந்துவிட்டது.

பந்தி முழுவதும் என் கையைப் பார்த்தது.

"என்னங்க, இலையில கை வைக்க மாட்டேங்கிறீக? உப்புக் கூடிப்போச்சா?" என்றார் பையனின் அம்மா.

"வாயில வச்சாத்தான உப்புத் தெரியும்" என்று முணுமுணுத்தார் ஒரு பெரியவர்.

சாந்தி என் தொடையைக் கிள்ளினாள். "எடுத்து வைங்க. பிள்ளை அங்குட்டு நம்ம வீட்டுல போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா."

பையனின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "பிடிக்கலைன்னா சொல்லிருக்கலாம். இலை போட்டப்புறம் அவமானப்படுத்துறீகளே."

பையன் என் இலைக்கு எதிரே வந்து நின்றான். "மாமா, எங்கிட்ட என்ன குறை?"

அதற்குமேல் தாங்கவில்லை. "குறை எங்கிட்டதான் தம்பி! சாப்பிட்டா என் செல்லு வளந்துரும்!" என்று கத்திவிட்டேன்.



"செல்லா?" என்றார் பையனின் அப்பா. "சோறு தின்னா போன் எப்படிங்க வளரும்?"

கழுத்தைத் திருப்பிக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்து, விரலால் அமுக்கி, பிறகு தன் சட்டைக் கையைச் சுருட்டினார். முழங்கைக்கு மேலே அதே மாதிரி மூன்று. "கொழுப்புக் கட்டிங்க. எனக்கு இருபது வருசமா இருக்கு. சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். ஒவ்வொரு கவளத்துக்கும் கட்டி வீங்குவதுபோல இருந்தது. கண்ணில் நீர் வழிந்தது. காரம் என்று நினைத்து மோர் ஊற்றினார்கள்.

மறுநாள் காரைக்குடியில் மருத்துவரும் அதையே சொன்னார். "பட்டினி கிடந்தா இந்தக் கட்டி கரையாதுங்க. கரைஞ்சது உங்க தொடைதான்."

தைமாதம் கல்யாணம் நடந்தது. கோட்டையூருக்கு எப்போது போனாலும் முதல் கவளத்தின்போது கை தானாகப் பின்கழுத்துக்குப் போகிறது. சம்பந்தி அதற்காகவே காத்திருப்பார். பத்துப் பேருக்கு முன்னால் உரக்கக் கேட்பார்:

"சம்பந்தி, செல்லுக்குச் சார்ஜ் போதுமா, இன்னொரு கரண்டி கறி வைக்கவா?"