தோண்டாமல் முடிந்த வேலை

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த மரத்தை ஒழித்துக்கட்டியே தீருவது என்று குழி மேஸ்திரி சபதம் எடுத்தார். இருபது வருடமாகத் தெருத்தெருவாகத் தோண்டிச் சாக்கடைக் குழாய் பதிப்பவர். சட்டைப் பொத்தான் தொலைந்தால்கூடத் தோண்டித்தான் தேடுவார் என்பாள் மனைவி.

வீட்டுக் கொல்லையில் கழிவுநீர்க் குழாய் விரிசல் விட்டுக் கிணற்றுத் தண்ணீர் நாறியது. விரிசலுக்கு நேர் மேலே மரம். மகள் ஏழு வயதில் நட்டது. எட்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். இரண்டு வருடமாக மேஸ்திரி கொல்லைக் கதவைத் திறக்கவில்லை. அந்தப் பக்கத்து ஜன்னலை அலமாரியை நகர்த்தி மறைத்துவிட்டார். மரத்தைப் பார்த்தால் அவருக்கு நெஞ்சு தாங்கவில்லை, அவ்வளவுதான்.

"குழாயை மாத்தணும்னா தோண்டணும். தோண்டினா மரம் போயிடும். நான் என்ன பண்ணட்டும்?"

"வேற வழியே இல்லையா?" என்றாள் மனைவி.

"இருபது வருஷமா இதே பொழப்பு. இல்லைன்னா இல்லைதான்."

"சரிங்க. உங்களுக்குத் தெரியாததா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதே இல்லை. மனிதர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுவிட்டார்.

ஞாயிறு விடிந்ததும் தோண்டும் இயந்திரத்தை அழைத்துவரப் போனவர், ஓட்டுநரை எழுப்பிக் கிளப்பித் திரும்புவதற்குள் மதியம். வாசலில் வேறொரு வண்டி. தோண்டிய மண் ஒரு பிடிகூடக் கண்ணில் படவில்லை.

"என்ன நடக்குது இங்க?"

"வேலை முடிஞ்சுதுங்க," என்றார் மனைவி வரவழைத்திருந்த குழாய்க்காரர். "உள்ள நுழைஞ்ச வேரை மட்டும் வெட்டிட்டு, பழைய குழாய்க்குள்ளயே பிசின்ல ஊறின உறையை விட்டு, சுடுதண்ணியால இறுக வெச்சாச்சு. பள்ளம் இல்ல, லாரி லாரியா மண்ணு இல்ல. இனிமே கிணத்துக்குள்ள ஒரு சொட்டு கசியாது."

"மரம்?" என்றார் மேஸ்திரி.

"அதுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. ஆனா இத்தனை நாளா கசிவைக் குடிச்சே வளர்ந்திருக்கு. இனிமே கையால ஊத்தினாத்தான் உண்டு. ஒரு வருஷத்துக்குத் தினமும் ரெண்டு வாளி."

மனைவி நிறைந்த வாளியை மேஸ்திரியின் கையில் கொடுத்தாள். கொல்லைக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ரெண்டு வருஷமா நான் ஒருத்தியாப் போய்ப் பார்த்துட்டு வரேன். இனிமே நீங்க போங்க."