நாற்பத்திரண்டாவது கோழிக்கு யார் பொறுப்பு?

நல்லம்பள்ளி,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

அன்புள்ள மச்சான் தௌபிக்குக்கு, நூர் பாஷா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அக்கா வஹிதாவும் முட்டைக்கடையும் அல்லாஹ் புண்ணியத்தில் சௌக்கியம். பெங்களூரில் நீயும் உன் பைக்கும் சௌக்கியமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய், ஆகையால் கடிதம்.

நீ பிடித்துக் கொடுத்த கம்பெனி நம் நாட்டுக்கோழி முட்டையை வாரா வாரம் எடுக்கிறேன் என்கிறது. கடைக்கு அது பெரிய விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கையெழுத்துக்கு அனுப்பிய ஒப்பந்தப் பாரத்தில், கோழிகளுக்கு வலியோ பயமோ அடைசலோ இருந்தால் பிராணிகள் நலச் சட்டப்படி விற்பவரே பொறுப்பு என்று போட்டிருக்கிறது. வளர்ப்பவர் இல்லையாம், விற்பவராம். நீ என்னடாவென்றால், "கண்ண மூடிக்கிட்டுப் போடுங்க மச்சான், யாரு வந்து பாக்கப் போறாங்க" என்கிறாய். பார்க்காத கோழிக்கு நான் எப்படியப்பா கையெழுத்துப் போடுவது?

யாரும் வரமாட்டார்கள் என்றாயே, கம்பெனியிலிருந்து காவியா என்று ஒரு பெண் செவ்வாய்க்கிழமை வந்தே விட்டாள். நான் முன்கூட்டியே பஸ் பிடித்து, நமக்கு முட்டை கொடுக்கும் முனிராஜ் வீட்டுக்கு, ஏரியூருக்குப் போயிருந்தேன். நாற்பத்திரண்டு கோழியும் கேழ்வரகுக் கொல்லையில் மகாராணி மாதிரி மேய்ந்துகொண்டிருந்தன, எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அப்போது முனிராஜ் ஒரு கோழியைக் கொண்டுவந்து, "பாய், ஆபீசரம்மா மொத மொதல்ல நம்ம வூட்டுக்கு வர்றாங்க. நீங்களே அறுத்துக் குடுத்துட்டா நீங்களும் சாப்பிடலாமுங்க" என்றார். விருந்து என்றால் மறுக்க முடியுமா? பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்துவிட்டேன். பாரம் என் சட்டைப்பையில் இருந்ததே, அது சத்தியமாக ஞாபகத்தில் இல்லை.

காவியா வந்ததும் மீதிக் கோழிகள் வேலி தாண்டி ஓடிவிட்டன. விருந்தாளியைக் கண்டால் அடுத்தது யார் என்று அவற்றுக்குத் தெரியும் போல. முனிராஜின் மனைவி மணிமேகலை "பா பா" என்று கூப்பிட்டுத் தானியம் இறைத்து எல்லாவற்றையும் சேர்த்தார். காவியா எண்ணிப் பார்த்து, "நாப்பத்திரண்டுன்னு சொன்னீங்க, நாப்பத்தொண்ணு தான் இருக்கு, இன்னொண்ணு எங்கங்க?" என்றாள்.

"அதுங்களா, குண்டான்ல கொதிக்குதுங்க" என்றார் மணிமேகலை.

யார் அறுத்தது என்று கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெண் கோபிக்கவே இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, களியோடு இரண்டு முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு பேனாவைத் திறந்து, 'விற்பவர் முன்னிலையில் ஒரு கோழிக்கு வலி, மற்றவற்றுக்குப் பயம்' என்று எழுதினாள். இனிமேல் நான் எந்த முகத்தோடு கையெழுத்துப் போடுவேன்? வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடு. இதுதான் என் முடிவு, மாற்றமில்லை.

வேளைக்குத் தொழு, ஹெல்மெட் போடு, கடைச் சாப்பாட்டைக் குறை. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் பொறுப்பும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான் நூர் பாஷா

பி.கு.: உறையை ஒட்டுமுன் உன் அக்கா வாங்கிப் படித்தாள். "கடை லைசென்ஸ் என் பேர்லதானே இருக்கு. விக்கிறது நான், நீங்க இல்லீங்க" என்று பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கூரியரில் அனுப்பிவிட்டாள். இனி ஒரு கோழி முகம் வாடினாலும் கேஸ் உன் கூடப்பிறந்தவள் மேல்தான். ஆகையால் வாரா வாரம் ஏரியூருக்குப் போய்க் கோழிகளைப் பார்த்துவிட்டு வருவது உன் வேலையாம். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கே வரச் சொன்னாள்.