மஃப்டியில் வந்தவர்

"அப்படி ஒரு ஆளே இந்தத் தெருவுல இல்லைன்னு சொல்லிட்டேன் தம்பி. உன்னைப் போயி போலீஸ்ல காட்டிக் குடுப்பேனா?" என்றாள் டீக்கடை பாஞ்சாலை, பெருமையாக.

இருசப்பனுக்குக் கையிலிருந்த டீ கசந்தது.

மெட்ராஸ் பத்திரிகை ஒன்றுக்குத் திருவண்ணாமலையின் பகுதிநேர நிருபர் அவன். இளம் நிருபர்களை வெளிநாட்டுக்கு அனுப்பி எழுதவைக்கும் உதவித்தொகை ஒன்று எப்படியோ அவனுக்குக் கிடைத்துவிட்டது. மூன்று மாதம் ஸ்வீடன்! அன்றிலிருந்து அவன் கால் தரையில் பாவவில்லை. மலைமேல் மேகம் இறங்கினால் பனி பெய்வதாக நினைத்துக்கொள்வான். தேரடி வீதியில் கோயில் மணி கேட்டால், தூரத்தில் டிராம் வண்டி வருகிறது என்று ஒதுங்கி நிற்பான். அம்மா ராஜம்மாள் ஜாதகமும் கையுமாகப் போளூருக்கும் செங்கத்துக்கும் பஸ் ஏறிக்கொண்டிருந்தது அவன் கண்ணில் படவே இல்லை.

பாஸ்போர்ட் ஒன்றுதான் பாக்கி. அதற்கு வேலூரிலிருந்து மஃப்டியில் போலீஸ் வந்து அக்கம்பக்கத்தில் விசாரிக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

"ஆள் எப்படிக்கா இருந்தாரு?"

"ஒட்ட வெட்டுன கிராப்பு, முறுக்கு மீசை, பிரவுன் ஷூ. குடி உண்டா, கேஸு உண்டா, யாரோட சேர்க்கைன்னு தோண்டித் தோண்டிக் கேட்டாரு. போலீஸேதான்."

"ஐயோ, நல்லவன்னு சொல்லணும்க்கா! இல்லைன்னா என் ஸ்வீடன் போச்சு!"

தெரு முழுக்கச் சொல்லிவைத்தான். மறுநாள் மீசைக்காரர் மறுபடி வந்தார். சைக்கிள் கடை மொய்னுதீன் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்.

"இருசப்பனா? சொக்கத்தங்கம் சார். பொண்ணுங்க எதிர்ல வந்தா சைக்கிளை விட்டு எறங்கி, செவுத்தைப் பாத்து நின்னுக்குவான். இந்த வயசுக்கு அவ்ளோ அடக்கம் ஜாஸ்திதான்."

மீசைக்காரர் முகம் வாடியது. "ஏன், பையனுக்கு உடம்புல ஏதாச்சும்...?"

சேதி கேட்டதும் இருசப்பனின் பனியெல்லாம் உருகி ஓடியது. நோயாளி என்று எழுதிவிட்டால்? பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான். மீசைக்காரர் வேலூர் பஸ்ஸில் ஒரு காலை வைத்திருந்தார். போளூர் வழியாகப் போகும் பஸ்தான் அது.

"ஐயா, நான்தாங்க இருசப்பன். உடம்புல ஒரு கொறையும் இல்லீங்க. தூங்கினா கனவுலகூட இதே நெனப்புதாங்க. எல்லாம் உங்க கையிலதான் இருக்கு. சீக்கிரமா முடிச்சுக் குடுங்க!"

மீசைக்காரர் பஸ்ஸிலிருந்து காலை எடுத்தார். கண் கலங்கியிருந்தது.

"இவ்ளோ ஆசையா தம்பி? கவலையை விடுங்க. வெள்ளிக்கெழமையே முடிச்சுடுவோம்."

இருசப்பன் வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தான். ஆவணி வெயிலில் சட்டைப் பித்தானை எல்லாம் கழுத்துவரை போட்டுக்கொண்டான். ஸ்வீடனில் குளிருமல்லவா.

வெள்ளிக்கிழமை வெளியே போய்விட்டுத் திரும்பினால், வாசலெல்லாம் செருப்பு. உள்ளே தட்டுத் தட்டாக வெற்றிலை, வாழைப்பழம், மல்லிகைப்பூ. பட்டுப்புடவையில் நாலைந்து பெண்கள். நடுவில் மீசைக்காரர். பாஸ்போர்ட்டை அரசாங்கம் இவ்வளவு மரியாதையாகவா கொண்டுவந்து கொடுக்கிறது என்று இருசப்பன் நெகிழ்ந்து கைகூப்பினான்.

"பாஸ்போர்ட் எடுத்துட்டு வந்துட்டீங்களா ஐயா?"

மீசைக்காரர் எழுந்து வந்து அவன் தோளில் கைபோட்டார்.

"அதுவா மாப்ளே? காலையில நாங்க வந்து எறங்கினப்போ அதை விசாரிக்க ஒரு போலீஸ்காரர் டீக்கடைக்கு வந்தாரு. 'அந்தப் பையன் இனிமே எங்கயும் போகமாட்டான், எங்க பொண்ணைக் கட்டிக்கப் போறான்'னு நான்தான் சொல்லி அனுப்பிச்சுட்டேன்!"